அத்தியாயம் 7: இணையத்தில் ஒருவர் விடாமல் துரத்தினால்

எல்லா இடத்திலும் பிளாக் செய்தாயிற்று. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், சாதாரண அழைப்பு என எதிலும் அந்த ஆள் உள்ளே வர முடியாது. மறுநாள் காலை ஜிபேயில் ஒரு ரூபாய் வந்து விழுகிறது. கூடவே ஒரு குறிப்பு: ‘நேத்து பச்சை சுடிதார் நல்லா இருந்துச்சு.’

ஒரு ரூபாய் அனுப்புவது குற்றமில்லை. சுடிதார் நன்றாக இருந்தது என்று சொல்வதும் குற்றமில்லை. இதை மட்டும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனால், “இதுக்காம்மா வந்தீங்க?” என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த ஒரு ரூபாய்க்கு முன்னால் நள்ளிரவு அழைப்புகள் இருக்கின்றன. ஒரே ஆள் வெவ்வேறு பெயரில் திறந்த கணக்குகள் இருக்கின்றன. அலுவலகத் தோழிக்குப் போன அவதூறுச் செய்தி இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்துக்கு அதிகாலை மூன்று மணிக்கு விழுந்த லைக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பம், கோத்துப் பார்த்தால் வேட்டை. துரத்துகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். நம் சட்டத்துக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் இப்போதைக்கு அந்தக் கோக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதையும், உங்கள் தலையில் அது ஏன் விழக் கூடாது என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில், வீட்டில் இருப்பவர்களுக்கு

பெண்ணோ பையனோ வந்து, “ஒருத்தர் டார்ச்சர் பண்றாங்க” என்று சொன்னவுடன் பல வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கும். போனைப் பிடுங்கி வைப்பார்கள், சிம்மை உடைத்துப் போடுவார்கள், கணக்கை அழிக்கச் சொல்வார்கள். மூன்றும் துரத்துபவருக்குச் செய்யும் உதவிகள். சான்று இருப்பது அந்தப் போனில். வங்கியின் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. அழிக்கப்பட்ட கணக்கோடு அதில் வந்த மிரட்டலும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘சொன்னால் போன் போய்விடும்’ என்று தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

இந்தத் தொல்லையின் கேடு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அடி இல்லை, காயம் இல்லை. வாழ்க்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. முதலில் படம் போடுவது நிற்கும், பிறகு வழக்கமான பஸ் மாறும், மாலை வகுப்பு நிற்கும், கடைசியில் வேலையே போகும். தூக்கம் கெடுவதும், போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். துரத்துபவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டே இவ்வளவையும் செய்துவிட முடியும். “நேர்ல வந்து ஒண்ணும் பண்ணலையே” என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரே ஒரு ‘வேண்டாம்’

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவுதான் பின்தொடர்தலைக் குற்றமாக்குகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 354டி. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரைப் பின்தொடர்ந்து மீண்டும் மீண்டும் தொடர்பு கொள்வது முதல் வகை. அவருடைய இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது இரண்டாவது வகை. முதல் முறை தண்டனை மூன்று ஆண்டு வரை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை.

இதில் ‘தெளிவாகக் காட்டிய’ என்பது முக்கியம். பதில் சொல்லாமல் இருப்பதே தெளிவான மறுப்பு என்று நீங்களும் நானும் நினைக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நினைக்க மாட்டார். கதாநாயகியின் முறைப்பையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் கதாநாயகர்களைப் பல பத்தாண்டுகளாகக் கைதட்டி வளர்த்த ஊர் இது. எனவே எழுத்தில் ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள்:

‘நீங்கள் என்னைத் தொடர்பு கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. போன், செய்தி, சமூக ஊடகம், பிறர் மூலம் என எந்த வழியிலும் இனி தொடர்பு கொள்ள வேண்டாம். மீறினால் காவல்துறையில் புகார் செய்வேன்.’

மன்னிப்பு, காரணம், ‘ப்ளீஸ்’ எதுவும் வேண்டாம். அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதன்பின் என்ன வந்தாலும் பதில் சொல்லாதீர்கள். நாற்பதாவது அழைப்பில் பொறுக்க முடியாமல் எடுத்துத் திட்டினால்கூட, நாற்பது முறை அடித்தால் எடுப்பார் என்ற பாடத்தைத்தான் அவர் கற்றுக்கொள்வார். அண்ணனோ மாமாவோ அந்த எண்ணுக்குப் போன் போட்டு மிரட்டுவதும் வேண்டாம். வழக்கு அப்படியே உங்கள் பக்கம் திரும்பக்கூடும்.

விதிவிலக்கு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற மிரட்டல் வந்துவிட்டாலோ, அவர் ஏற்கெனவே அடித்திருந்தாலோ, இந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக 112-ஐ அழையுங்கள்.

கோக்கும் வேலை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எந்தச் செயலி, எந்த எண் அல்லது கணக்கு, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அதனால் நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதை எழுதுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ‘அன்று முதல் 7 மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்’ என்ற ஒரு வரி, பத்து ஸ்கிரீன்ஷாட் சொல்லாததை நீதிமன்றத்தில் சொல்லும்.

ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் காட்சிப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. அதை அவர் நிமிடத்தில் மாற்றிவிடுவார். பயனர் பெயரும், சுயவிவரப் பக்கத்தின் முழு இணைய முகவரியும், நேரமும் தெரிய வேண்டும். உரையாடலை மேலிருந்து கீழாக நகர்த்தித் திரைப்பதிவு எடுத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். மறையும் செய்திகள் என்றால் இன்னொரு போனில் படம் பிடியுங்கள். யுபிஐ குறிப்புகளையும் விடாதீர்கள். அதில் அனுப்பியவரின் வங்கிக் கணக்கே மறுமுனையில் இருக்கிறது. போலி இன்ஸ்டா கணக்கைவிட அது நூறு மடங்கு உறுதியான தடயம்.

பிளாக் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சான்றை எடுத்த பிறகு தாராளமாகச் செய்யலாம். மனம் தாங்காவிட்டால் அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். மிரட்டல் தீவிரமாகிக்கொண்டே போகிறது, அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்தாக வேண்டும் என்றால் மட்டும், பிளாக் செய்யாமல் ஒலியை அணைத்து ஆர்கைவில் போடுங்கள். அதைத் தினமும் திறந்து பார்க்கும் பொறுப்பை நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே படிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

போனை மாற்றாதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் சலுகையில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நகலாகத் தாக்கல் செய்தால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். இதற்கு முன்பிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்றும், மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் அது தேவையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. உங்கள் பழைய போனுக்கு இப்போது இருக்கும் மதிப்பு அதுதான்.

எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரா?

நீங்கள் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது, யாருக்கு என்ன எழுதினாலும் தெரிகிறது என்றால், மந்திரமில்லை. துரத்துபவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான்: முன்னாள் காதலர், பிரிந்த கணவர், உடன் வேலை செய்பவர், சொந்தக்காரர். ஒரு காலத்தில் உங்கள் போன் அவர் கையில் இருந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன, கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தால், நிர்வாகி உரிமையோ அணுகல்தன்மை உரிமையோ பெற்ற, பெயர் தெரியாத செயலி ஏதாவது இருந்தால், உளவுச் செயலியாக இருக்க வாய்ப்புண்டு.

கண்டுபிடித்தவுடன் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். நீக்கிய கணமே அவருக்குத் தெரிந்துவிடும். முரட்டு ஆசாமி என்றால் அந்தக் கணம்தான் ஆபத்தானது. படம் எடுத்து வைத்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து உதவி கேளுங்கள், பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு பிறகு நீக்குங்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. இந்தக் கண்காணிப்பு 78-ஆவது பிரிவின் இரண்டாவது வகையில் சேரும். அதற்கு நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

காவல் நிலையத்தில்

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை தாண்டியது என்று திருப்பி அனுப்ப முடியாது. பூஜ்ய எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பெண் கொடுக்கும் பின்தொடர்தல் புகாரைப் பெண் காவலர்தான் பதிவு செய்ய வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

நடப்பில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.ஆர். எனும் சமுதாயப் பணிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கையில் ஒரு ரசீது கொடுப்பார்கள். பையனைக் கூப்பிட்டு, ‘இனி செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். நிறையப் பெற்றோருக்கு அதுவே போதுமென்று இருக்கும். சிலருக்கு அதோடு தொல்லை நின்றும் போகும். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. அந்தக் கட்டத்தில் நிறுவனங்களிடமிருந்து தகவல் கேட்டுப் பெறும் புலனாய்வு தொடங்குவதில்லை. எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) இதற்கு வழி தருகிறது.

தள்ளிப்போடாதீர்கள். நீக்கப்பட்ட பதிவையும் அது தொடர்பான விவரங்களையும் 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றுதான் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. தேர்வு முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று ஆறு மாதம் ஓடிவிட்டால் தடயம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அந்தரங்கப் படமோ, மார்ஃபிங் செய்த படமோ வெளியாகிவிட்டால் புகாருக்கும் முன்னால் செய்ய வேண்டியது நீக்கம். அந்த விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் கொடுங்கள். இத்தகைய படங்களுக்கு விதிகள் முதலில் வைத்த கெடு 24 மணி நேரம்; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்தது. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் படத்தை வாங்காமலே அதன் எண்வடிவக் கைரேகையை மட்டும் எடுத்து, பங்கேற்கும் நிறுவனங்களுக்கு அனுப்பித் தடுக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் ‘டேக் இட் டவுன்’. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளியை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து அகற்றும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே அதே ஆண்டு நவம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இதற்கென ஒரு நடைமுறையை வெளியிட்டது. சட்டம் தெரிந்த ஒருவரே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

சட்டம் கைவிடும் இடங்கள்

2001-ல் டெல்லியில் ஓர் ஆண், ஒரு பெண்ணின் பெயரில் அரட்டை அறையில் பேசி, அவருடைய தொலைபேசி எண்ணைப் பலருக்கும் கொடுத்தார். அழைப்புகள் குவிந்தன. இந்தியாவின் முதல் இணையப் பின்தொடர்தல் வழக்காக அதைச் சொல்வார்கள். 2004-ல் சென்னையில் விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, எண்ணையும் போட்டார் ஒருவர். திருமணத்துக்கு மறுக்கப்பட்ட ஆத்திரம். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை அது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை சில மாதங்கள்தான். இன்றைக்கு நம்ப முடியாத வேகம்.

இரண்டிலும் குற்றவாளி அந்தப் பெண்ணோடு பேசத் துடிக்கவில்லை. ஊரையே பேசவிட்டார். இப்போது 78-ஆவது பிரிவின் முதல் வகையைத் திரும்பப் படியுங்கள். ‘தனிப்பட்ட பழக்கத்தை வளர்க்கும் பொருட்டு’ தொடர்பு கொள்வதைத்தான் அது குற்றமென்கிறது. சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது நிராகரிக்கப்பட்ட காதலன். பழிவாங்குகிறவன் அவர்கள் கண்ணில் படவில்லை. எழும்பூர் வழக்கில் ஆபாசம் இருந்ததால் 67 பொருந்தியது. ஆபாசமே இல்லாமல், ‘வீட்டுவேலைக்கு ஆள் தேவை, அழைக்கவும்’ என்று ஒரு பெண்ணின் எண்ணை ஐம்பது குழுக்களில் போட்டால்? மிரட்டல், ஆள்மாறாட்டம் என்று ஏதாவது ஒரு பிரிவில் திணித்துப் பார்க்க வேண்டியதுதான். முகவரியையும் எண்ணையும் பகிரங்கப்படுத்திப் பிறரை ஏவிவிடுவது தனிக் குற்றமாக வேண்டும். என் கணக்கில் இதுதான் முதல் சீர்திருத்தம்.

அடுத்தது, யாருக்குப் பாதுகாப்பு என்பது. 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் ‘எவரேனும் ஒருவர்’ என்றுதான் இருந்தது. நாடாளுமன்றத்தில் அது ‘ஆண்’, ‘பெண்’ என்று மாறியது. பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு திருநங்கையை, ஓர் ஆணை, இன்னொரு பெண்ணால் துரத்தப்படும் பெண்ணை, 78 கண்டுகொள்ளாமல் விடுவதற்கு நியாயமில்லை. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் விடாமல் பின்தொடர்வதைக் குற்றமாக்கும்போது, பையன், பெண் என்று பிரிப்பதில்லை. அது முடிகிறதென்றால் இதுவும் முடியும்.

அதே 2013 மார்ச்சில்தான், முதல் முறைக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது என்று தளர்த்தப்பட்டது. பெண்கள் பின்னால் போகாதவர் நம்மில் யார் என்ற பொருள்பட ஒரு மூத்த உறுப்பினர் மக்களவை விவாதத்தில் பேசினார். அந்த மனநிலையில் பிறந்த பிரிவு இது. ஜாமீனே கூடாது என்ற கட்சியில் எனக்கு உடன்பாடில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: வெளியே வருகிறவர் மறுபடி தொடர்பு கொள்ளாமல் தடுக்கும் ஆணை நம்மிடம் இல்லை. கணவன், உடன் வாழ்ந்தவர் என்றால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். முகம் தெரியாதவர், சக ஊழியர் என்றால் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தண்டனை வரும்வரை காத்திராமல் காவல்துறையே நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. துரத்துபவர், துரத்தப்படுபவர் இருவருக்குமே அதுதான் நல்லது, குற்றம் முற்றுவதற்குள் நிற்கிறது.

தமிழ்நாடு இதில் ஓரடி முன்னால் இருக்கிறது. 1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இறந்ததை அடுத்து வந்த பெண்கள் மீதான தொல்லை தடுப்புச் சட்டத்தை, 2025 ஜனவரியில் சட்டமன்றம் திருத்தியது. மின்னணு வழித் தொல்லை வரையறைக்குள் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தொடர்பு கொள்ளாமல் தடுக்கும் பாதுகாப்பு ஆணைக்கும் இடம் வைக்கப்பட்டது. காவல் நிலையத்தில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கலாம். தயங்காமல் நினைவூட்டுங்கள்.

இன்னொன்று, பெயர். பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அந்தப் பாதுகாப்பு பின்தொடர்தல் வழக்குக்கு நீளவில்லை. பெயர் பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயத்திலேயே புகார்கள் முடங்குகின்றன. ஒரு வரித் திருத்தம் போதும். விசாரிப்பது யார் என்பதும் சிக்கல்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது. பயிற்சி பெற்ற துணை ஆய்வாளர்கள் பக்கத்து அறையில் இருந்தாலும் கோப்பு ஆய்வாளர் மேசையில்தான் காத்திருக்கும்.

சட்டத்தைக் கருவிகளின் பட்டியலாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1999-ல் ஒரு கொலை, 2000-ல் சட்டம். அதில் மின்னஞ்சல் விடுபட்டது. இன்னொரு கொலைக்குப் பிறகு 2013-ல் சேர்த்தார்கள். சமூக ஊடகம் விடுபட்டது. ஓர் இளம் பாடகி கத்திக்குத்துக்கு ஆளான பிறகு 2016-ல் சேர்த்தார்கள். ஜிபிஎஸ் 2021-ல் வந்தது. எந்தக் கருவி என்பதை விட்டுவிட்டு, ‘அச்சமோ கடும் மன உளைச்சலோ தரும் தொடர் நடத்தை’ என்று எழுதினால் நாளைய கருவியும் அதில் அடங்கும். ‘தொடர்’ என்பதும் ‘அச்சம்’ என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். எரிச்சலூட்டும் செய்தி என்று வலையை அகல விரித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ஃபேஸ்புக்கில் கருத்துச் சொன்னவர்களைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது. உச்ச நீதிமன்றம் 2015-ல் அதை ரத்து செய்தது சரிதான். அரசியல்வாதியை விமர்சிப்பவரைப் பிடிக்க ஒரு புதிய 66ஏ நமக்கு வேண்டாம்.

இருக்கும் சட்டத்தில் புகார் எழுதும் முறை

திருத்தம் வரும்வரை இந்த ஓட்டைகளைத் தெரிந்துகொண்டே புகாரை எழுத வேண்டும். ‘தொல்லை கொடுக்கிறார்’ என்று தொடங்காமல், முதல் பத்தியிலேயே தொடர்ச்சியைக் காட்டுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை கணக்குகள், எத்தனை எண்கள். இரண்டாவது பத்தியில் நீங்கள் மறுத்த தேதியும் அதன் நகலும். மூன்றாவதில் மறுத்த பின் நடந்தவை மட்டும். நான்காவதில் உங்கள் வாழ்க்கையில் மாறியவை. பிரிவுகளைக் குறிப்பிடுவது தவறில்லை: பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்தலுக்கு 78, மிரட்டலுக்கு 351; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உங்கள் கடவுச்சொல்லையோ பிற மின்னணு அடையாளத்தையோ எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் 66சி, அந்தரங்கப் படமென்றால் 66இ, 67ஏ. ஆணாகவோ திருநங்கையாகவோ இருந்து 78 பொருந்தாவிட்டால் மற்றவை பொருந்தும்.

கடைசிப் பத்தியில் மூன்று வேண்டுகோள்கள் இருக்கட்டும். இணைப்பில் உள்ள கணக்குகளின் பதிவுகளை அழியாமல் வைக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு உடனே கடிதம் அனுப்ப வேண்டும். புகார்தாரர் பெண் என்றால், திருத்தப்பட்ட 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஆணைக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். பெயர், முகவரி விவரங்கள் ஊடகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் நகலையும் பென்டிரைவையும் இணைத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மூலப் போனைக் கேட்டால், எழுத்தில் ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.